ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் குடும்பத்தோடு ஒரு நாள்: கேள்வி பதில்

கேள்வி: ஜூன் கடைசியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குப் போகிறோம். ஆர்ச்சஸுக்கு ஒரே நாள்தான். பிள்ளைகளுக்கு ஆறு வயது, பத்து வயது. எதை முதலில் பார்ப்பது?

பதில்: டெலிகேட் ஆர்ச் என்ற பாறை வளைவை முதலில் முடித்துவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு அந்தப் பக்கமே வேண்டாம். கோடையில் 38 டிகிரியைத் தாண்டும், வழியில் நிழலும் கிடையாது. விடியும்போதே உல்ஃப் ராஞ்ச் பார்க்கிங்கில் இருங்கள். போய்வர 4.8 கி.மீ., ஏற்றம் 146 மீட்டர். பிள்ளைகளோடு என்றால் மூன்று மணி நேரம் ஆகும். நடுவில் அகலமான மொட்டைப் பாறைச் சரிவு வரும். அங்கே தடம் தெரியாது, அடுக்கி வைத்திருக்கும் சிறு கற்குவியல்களைப் பார்த்துத்தான் ஏற வேண்டும். கடைசி 180 மீட்டர் பாறை விளிம்பில் போகும் பாதை: ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் பள்ளம். சின்னப் பிள்ளையைச் சுவர்ப் பக்கம் விட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வளைவு நிற்கும் இடமும் சரிவுதான். பாட்டில் உருண்டு ஓடினால் போகட்டும், துரத்த விடாதீர்கள்.

அடுத்து சாண்ட் டியூன் ஆர்ச். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே நிழலும் மணலும். பிள்ளைகள் கிளம்ப மாட்டார்கள். மதியம் பக்கத்து ஊரான மோவாபுக்குத் திரும்பிவிட்டு, சாயங்காலம் விண்டோஸ் பகுதி வளைவுகளும் டபுள் ஆர்ச்சும். இதற்கு மேல் ஒரு நாளில் திணிக்க வேண்டாம்.

கேள்வி: தண்ணீர் எவ்வளவு?

பதில்: நாளுக்குத் தலைக்கு 4 லிட்டர். பூங்காவுக்குள் பார்வையாளர் மையத்திலும் டெவில்ஸ் கார்டன் நடைபாதைத் தொடக்கத்திலும் மட்டும்தான் பிடிக்கலாம், சாப்பாடு விற்பதில்லை. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பு குறைந்து தலைவலி, குமட்டல் வரும். உப்புக் கடலை, சிப்ஸ் ஏதாவது கூடவே கொடுங்கள். பாதித் தண்ணீர் தீர்ந்தால், வளைவு கண்ணில் பட்டாலும் படாவிட்டாலும் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூ போதுமா?

பதில்: அடிப்பகுதி தேயாத ரப்பராக இருந்தால் போதும். காய்ந்த பாறையில் கால் நன்றாகவே பிடிக்கும். சறுக்க வைப்பது அதன்மேல் கிடக்கும் மணல்தான், அதுவும் இறங்கும்போது. மணலிலிருந்து பாறையில் ஏறுமுன் ஷூவைத் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர் காரிலேயே இருக்க வேண்டியதுதானா?

பதில்: எதற்கு? டபுள் ஆர்ச் போய்வர ஒரு கிலோமீட்டர்தான், பெரிய ஏற்றம் இல்லை. டெலிகேட் ஆர்ச்சைத் தூரத்திலிருந்து பார்க்க, கீழ்ப் பார்வையிடம் பார்க்கிங்கிலிருந்து 90 மீட்டர், சமதளம். பேலன்ஸ்டு ராக் காரிலிருந்தே தெரியும்.

கேள்வி: லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சுக்கு அடியில் ஏன் விடுவதில்லை?

பதில்: டெவில்ஸ் கார்டனில் இருக்கும் இந்த வளைவு 93 மீட்டர் நீளத்துக்கு மெல்லிசாக நிற்கிறது. 1991 செப்டம்பரில் அதன் அடியிலிருந்து 18 மீட்டர் நீளப் பாறைப் பலகை ஒன்று பெயர்ந்து விழுந்தது. அடியில் இருந்தவர்கள் ஓடித் தப்பினார்கள். அதோடு பாதையை மூடிவிட்டார்கள். அதே டெவில்ஸ் கார்டனில் வால் (Wall) ஆர்ச் 2008 ஆகஸ்டில் மொத்தமாக இடிந்தது. காற்றுதான் இந்த வளைவுகளைக் குடைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். முக்கிய வேலை தண்ணீருடையது: மணற்கல்லுக்குள் இறங்கி மணலைப் பிணைக்கும் பொருளைக் கரைக்கும், குளிரில் உறைந்து விரிசலைப் பிளக்கும்.

கேள்வி: போட்டோவுக்காகப் பாதையை விட்டு நாலடி இறங்கலாமா?

பதில்: கூடாது. மண்மேல் கறுப்பாக, பொரிப்பொரியாகத் தெரிவது உயிருள்ள படலம். நுண்ணுயிரும் பாசியும் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு மிதி பட்டால் தேறப் பல பத்தாண்டுகள் ஆகும். பாறைமேலோ, வறண்ட ஓடை மணலிலோ கால் வையுங்கள். பெயருள்ள வளைவுகள்மேல் ஏறுவதும் தடை.

கேள்வி: ஃபயரி ஃபர்னஸ் என்ற பாறை இடுக்குப் பகுதிக்கு நான்கு வயதுக் குழந்தையைக் கூட்டிப் போகலாமா?

பதில்: ஐந்து வயதுக்குக் கீழே விட மாட்டார்கள். பெரியவர்களுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும், இல்லையென்றால் ரேஞ்சரோடுதான் (பூங்காக் காவலர்) போகலாம்.