அப்பாவின் பழைய பிக்கப்: விலை போடுவது எப்படி, விற்பது எப்படி?

கேள்வி (உடுமலைப்பேட்டை வாசகி): அப்பா 1969-இல் புதிதாக வாங்கிய மகிந்திரா எஃப்.சி. 150 பெட்ரோல் பிக்கப் எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் நிற்கிறது. தேங்காயும் வாழைத்தாரும் ஏற்றி ஓடிய வண்டி. பெயிண்ட் மங்கியிருக்கிறது, ஆனால் ஓட்டை உடைசல் இல்லை. ஸ்டார்ட் செய்து நாலு வருஷம் ஆகிறது. அப்பா போன வருஷம் தவறிவிட்டார். ஆர்.சி. புத்தகம் அவர் பெயரில், சரக்கு வாகனம் என்று இருக்கிறது. பழைய இரும்புக் கடைக்காரர் 75,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். புரோக்கர் ஒருவரோ, பெயிண்ட் அடித்தால் நல்ல விலை போகும், படிவத்தில் அப்பா கையெழுத்தை நீங்களே போட்டுக் கொடுத்துவிடுங்கள் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: மூன்று காரியங்களைச் செய்யாதீர்கள். இரும்புக் கடைக்குக் கொடுக்காதீர்கள். பெயிண்ட் அடிக்காதீர்கள். இறந்தவர் கையெழுத்தை யாரும் போட விடாதீர்கள். கடைசியாகச் சொன்னது போலி ஆவணம். வழக்கு வந்தால் புரோக்கர் கையை விரித்துவிட்டுப் போய்விடுவார், மாட்டிக்கொள்வது நீங்கள்.

எஃப்.சி. 150 வகையை மகிந்திரா நம் நாட்டில் 1965-இல் கொண்டுவந்தது. எஃப்.சி. என்றால் ‘ஃபார்வர்டு கன்ட்ரோல்’. டிரைவர் எஞ்சினுக்கு மேலேயே உட்காரும் அமைப்பு. இரண்டு சீட்டுக்கும் நடுவிலுள்ள மூடியைத் தூக்கினால் எஞ்சின் தெரியும். (ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ‘எஃப்.சி. இருக்கா?’ என்று கேட்டால் அது தகுதிச் சான்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.) இந்த வண்டிகள் உழைப்பதற்காக வாங்கப்பட்டவை. உழைத்துத் தேய்ந்து, பெரும்பாலும் இரும்பாகவே போய்விட்டன. மிஞ்சியவற்றிலும் பலவற்றில் பெட்ரோல் செலவு கட்டாமல் டீசல் எஞ்சின் மாற்றிவிட்டார்கள். ஒரே கையில் இருந்த, பெட்ரோல் எஞ்சினோடு நிற்கும் வண்டி என்பதுதான் உங்கள் கையிலுள்ள சரக்கு. அதை நிரூபிக்க முடிந்தால் விலை ஏறும், முடியாவிட்டால் ஏறாது.

எனவே முதலில் நம்பரைச் சரிபாருங்கள். சேசிஸ் நம்பர் வண்டியின் அடிச்சட்டத்தில் அடித்திருக்கும். எஞ்சின் நம்பர், பிளாக்கின் முன்பக்கம் வாட்டர் பம்புக்குப் பின்னாலுள்ள மேட்டில் இருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அழுக்கை மட்டும் துடையுங்கள். கம்பி பிரஷோ உப்புத்தாளோ படவே கூடாது. எழுத்து தேய்ந்தால் ‘நம்பரைத் திருத்தியிருக்கிறார்கள்’ என்ற சந்தேகம் வந்துவிடும். மேலே வெள்ளைத்தாளை வைத்து பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள். அந்த அச்சும் ஆர்.சி. புத்தகமும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

அடுத்தது தகரம். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தை எடுத்து, கதவின் அடிப்பகுதி, முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள மடிப்பு, கால் வைக்கும் தளம், சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவு, பின் பெட்டியின் மூலைகள் என்று ஒட்டிப் பாருங்கள். பிடிக்காமல் நழுவினால் அங்கே பட்டி பூசியிருக்கிறது. பிறகு டார்ச்சோடு கீழே படுத்து, கேபினும் பெட்டியும் சேரும் இடத்தில் அடிச்சட்டத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்டால் உள்ளே துரு அடுக்கு வைத்திருக்கிறது. எங்கே என்ன கண்டீர்களோ அதை அப்படியே எழுதி வையுங்கள். விற்கும்போது அந்தத் தாளைக் காட்டுங்கள். குறையை நீங்களே சொன்னால், வந்தவர் அதைக் காட்டிப் பேரம் பேச வழியில்லை.

பெயிண்ட் விஷயத்தில் நாங்கள் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்வோம். கதவில் ஓவியர் கையால் எழுதிய பெயரும் ஊரும், பக்கத்தில் வண்டி எடை, சரக்கோடு எடை என்று வெள்ளை எழுத்தில் எழுதியதும் உங்கள் வண்டியில் இன்னும் இருக்கலாம். டிங்கர் ஒரு நாளில் அதைச் சுரண்டி எடுத்துவிடுவார். எந்தக் காசுக்கும் அது திரும்ப வராது. புதுப் பெயிண்ட் வேறொரு பயத்தையும் கிளப்பும்: அடியில் என்ன மறைத்திருக்கிறார்கள் என்று வாங்குபவர் யோசிப்பார். தண்ணீரும் மென்மையான சோப்பும் போட்டுக் கழுவி, நிழலில் காயவிட்டாலே போதும். கழற்றிப் பரணில் போட்ட ஹப் கேப், கண்ணாடி, ஜாக்கி, டூல் கிட், கையேடு, வாங்கிய பில், பழைய வரி ரசீது எல்லாவற்றையும் தேடி ஒரு பெட்டியில் சேருங்கள். முதல் பில் கிடைத்தால் அதுவே பெரிய சாட்சி.

ஸ்டார்ட் செய்ய அவசரப்பட்டு பேட்டரி போட்டுச் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். நாலு வருஷம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம்; இழுத்தால் ரிங் உடையும். பழைய மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டு இந்த வரிசையில் செய்யச் சொல்லுங்கள். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிட வேண்டும். பிறகு டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்து, எஞ்சின் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றினால் பழைய ஆயிலை இறக்கிப் புதிதாக ஊற்றலாம். டாங்கியில் கிடக்கும் பெட்ரோல் இதற்குள் பிசினாகியிருக்கும். முழுக்க வடித்து, கார்புரேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் குழாயும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரமும் அதைத் தாங்காமல் ஊறிப்போகும். இரண்டையும் மாற்றாமல் ஓட விட்டால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டும், தீப்பிடிக்கும். ஓடத் தொடங்கியதும் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம், எவ்வளவு என்று பாருங்கள். நாலு சிலிண்டருக்கும் நடுவே வித்தியாசம் 10 பி.எஸ்.ஐ.க்குள் இருந்தால் எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று நம்பிச் சொல்லலாம். இந்த எஞ்சினில் இன்லெட் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கும். ஹெட்டை மட்டும் கழற்றிச் சரிசெய்தால் போதும் என்று புது மெக்கானிக் சொன்னால் நம்பிவிடாதீர்கள். எரிந்துபோவது பெரும்பாலும் எக்ஸாஸ்ட் வால்வு, அது பிளாக்கில் இருக்கிறது.

பிரேக்கில் வீல் சிலிண்டர் ரப்பர் இறுகியிருக்கும். நாலு சக்கரத்துக்கும் மாற்றிவிடுங்கள். இதற்குமேல் செலவு வேண்டாம்.

இனி விலை. இந்த மாதிரி வண்டிக்கு நம் நாட்டில் அச்சடித்த விலைப் பட்டியல் கிடையாது. இன்ஷூரன்ஸில் வண்டியின் மதிப்பாகப் போடும் ஐ.டி.வி. தொகையையும் சந்தை விலையாக எடுக்காதீர்கள். ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு அது கம்பெனியும் நீங்களும் பேசி வைத்துக்கொள்ளும் எண்தான். அடித்தளம் இரும்பு விலை: ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வெறும் வண்டி எடையை உள்ளூர் இரும்பு விலையால் பெருக்கினால் கிடைப்பது. அதற்குக் கீழே யார் கேட்டாலும் பேச்சே இல்லை. மேல்விலைக்கு, இதே காலத்து மகிந்திரா, வில்லிஸ் ஜீப் வண்டிகளின் விளம்பரங்கள் எட்டுப் பத்தையாவது குறித்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்துப் போன் செய்து ‘எவ்வளவுக்கு முடிந்தது?’ என்று கேளுங்கள். விளம்பரத்தில் போடும் விலை ஆசை. முடிந்த விலைதான் விலை. உதாரணமாக, உங்களைப் போன்றதொரு ஓடும் வண்டி 4 லட்சத்துக்கு முடிந்திருந்தால் (கணக்குக்காகச் சொல்கிறோம், சந்தை விலை அல்ல), அதிலிருந்து ஸ்டெப்னியோடு ஐந்து டயர், பேட்டரி, ஒயரிங், ரேடியேட்டர் என்று உங்கள் வண்டிக்குத் தேவையானதைக் கழியுங்கள். அசல் எஞ்சின், முதல் பில், ஒரே உரிமையாளர் என்பதற்குக் கொஞ்சம் கூட்டுங்கள். எழுத்தில் மதிப்பு வேண்டுமானால், ஐ.ஆர்.டி.ஏ.ஐ. (காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்) உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயரிடம் கட்டணம் கொடுத்து வாங்கலாம். சொத்தைப் பிரிக்கும்போது அண்ணன் தம்பிகளுக்குள் பேச்சு வராமலிருக்கவும் அது உதவும்.

காகிதம் சரியாகும்வரை முன்பணம் வாங்காதீர்கள். வரிசை இப்படி: தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் (இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்). அதில் அம்மா, திருமணமாகி வெளியூரில் இருக்கும் மகள்கள், அப்பாவின் தாயார் உயிரோடிருந்தால் அவர் என்று எல்லார் பெயரும் வர வேண்டும். பிறகு ஒருவர் பெயருக்கு மாற்ற மற்றவர்களின் சம்மதப் பத்திரம். அதோடு படிவம் 31, இறப்புச் சான்றிதழ், ஆர்.சி. இவற்றைப் பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். உரிமையாளர் இறந்த 30 நாளில் தகவலும், மூன்று மாதத்துக்குள் படிவமும் கொடுப்பது விதி. உங்களுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டதால் தாமதக் கட்டணம் வரும். மாற்றமே நடக்காது என்று பயப்பட வேண்டாம். பழைய புத்தக ஆர்.சி. கணினியில் ஏறியிருக்காது. முதலில் ‘பேக்லாக்’ பதிவு (பழைய விவரத்தைக் கணினியில் ஏற்றுவது) செய்யச் சொல்லிக் கேளுங்கள், வாரக்கணக்கில் ஆகலாம். வரிப் பாக்கி எவ்வளவு என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

தகுதிச் சான்று இல்லாத சரக்கு வாகனம், சட்டப்படி முறையாகப் பதிவான வண்டியாகவே கருதப்படாது. வாங்க வருபவர் ‘ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறேன்’ என்றால் தோட்டத்துக்குள் ஓட்டட்டும், தார் ரோட்டில் வேண்டாம். கொண்டுபோவதும் லாரியில் ஏற்றித்தான்.

கேள்வி: 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு விண்டேஜ் நம்பர் கொடுக்கிறார்களாமே? விலை கூடுமா?

பதில்: 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதி அது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, சேசிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும். படிவம் 20-இல் விண்ணப்பம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம் என்பது சேகரிப்பவர்களுக்குப் பிடித்த அம்சம். ஆனால் தினசரி ஓட்டக்கூடாது. கண்காட்சி, ரேலி, பராமரிப்பு, பெட்ரோல் போடப் போவது போன்றவற்றுக்கு மட்டும்தான். தவிர, அந்த விதி சொந்த உபயோக வண்டிக்கானது. சரக்கு வாகனமாகப் பதிவான பிக்கப்புக்கு நேராகப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் ஆர்.டி.ஓ.விடம் எழுத்துமூலம் கேட்டுப் பதில் வாங்குங்கள். அதுவரை விளம்பரத்தில் ‘விண்டேஜ் நம்பர் கிடைக்கும்’ என்று ஒரு வார்த்தைகூடப் போடாதீர்கள். பிறகு கிடைக்காமல் போனால் வாங்கியவர் உங்களைத்தான் பிடிப்பார்.

கேள்வி: எங்கள் வண்டியில் 80-களிலேயே டீசல் எஞ்சின் மாற்றிவிட்டார்கள். ஆர்.சி.யில் பெட்ரோல் என்றே இருக்கிறது.

பதில்: மாற்றம் பதிவாகாதவரை இதை ஓடும் வண்டி என்று விற்க முடியாது. கழற்றிய பெட்ரோல் எஞ்சின் கொட்டகையில் கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள். நம்பர் ஒத்துப்போனால் அதையும் வண்டியோடு சேர்த்துக் கொடுங்கள், ஓடாவிட்டாலும் மதிப்புண்டு.

கேள்வி: ஆர்.சி. புத்தகமே காணோம்.

பதில்: காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை எடுத்து, படிவம் 26-இல் நகலுக்கு விண்ணப்பியுங்கள். பென்சில் அச்சு, பழைய வரி ரசீது, இன்ஷூரன்ஸ் காகிதம் எது இருந்தாலும் கூடவே கொண்டுபோங்கள்.

கேள்வி: யாரிடம் விற்பது? வெளிமாநிலத்திலிருந்து ஒருவர் கேட்கிறார்.

பதில்: முதலில் பழைய வண்டி ஆர்வலர்களிடம் சொல்லுங்கள். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் இருக்கிறது. அங்கே ஒருவருக்கு வேண்டாவிட்டாலும் வேண்டியவரை அவருக்குத் தெரியும். பொது விளம்பரத்தில் போட்டால் வண்டியின் அடிப்பகுதி, துரு, பெட்டியின் தளம் உட்பட முப்பது நாற்பது படமும், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் வீடியோ ஒன்றும் வையுங்கள். சேசிஸ் நம்பரின் கடைசி இலக்கங்களை மறையுங்கள். ‘பணம் அனுப்புகிறேன், க்யூ.ஆர். ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்’ என்று கேட்பவர் திருடர். பின் நம்பர் பணம் கொடுக்கத்தான், வாங்க அல்ல.

விற்கும்போது படிவம் 29-உம் 30-உம் வேண்டும். வெளிமாநிலம் என்றால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று. டெல்லிப் பக்கம் போகிற வண்டி என்றால், இவ்வளவு பழைய பெட்ரோல் வண்டிக்கு அங்கே கட்டுப்பாடு இருப்பதைச் சொல்லி, தெரிந்தே வாங்குகிறேன் என்று எழுதி வாங்குங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. வங்கி வழியாகவே வரட்டும். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதி, வாங்குபவரின் ஆதார் நகலைச் சேர்த்து வையுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. மீதிப் பணத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைக்க வாங்குபவர் கேட்டால் ஒத்துக்கொள்ளலாம், ஆனால் பெயர் மாற்றம் முடிந்ததை அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே பார்க்கும்வரை கோப்பை மூடாதீர்கள்.