எல்லா ரோவும் எல்லா சர்வருக்கும் எதற்கு?

கேள்வி: போஸ்ட்கிரெஸ் 15 டேட்டாபேஸில் ஆர்டர் டேபிளுக்கு ஒரு பப்ளிகேஷன் (டேபிளின் மாற்றங்களை நகல் சர்வருக்கு அனுப்பும் ஏற்பாடு) போட்டு, நிலை ‘திறந்தது’ என்று உள்ள ரோக்கள் மட்டும் போகும்படி ஃபில்டர் வைத்தேன். எந்த எர்ரரும் இல்லாமல் உருவானது. ஆனால் அப்புறம் அப்ளிகேஷனில் அந்த டேபிளை அப்டேட் செய்யவே முடியவில்லை. பப்ளிகேஷனை நீக்கினால் சரியாகிவிடுகிறது. ஏன்?

பதில்: நீங்கள் ஃபில்டரில் வைத்த ‘நிலை’ என்ற ஃபீல்டு அந்த டேபிளின் ரெப்ளிகா ஐடென்டிட்டியில் (எந்த ரோ மாறியது என்று அடையாளம் காட்டும் ஃபீல்டுகள்) இல்லை, அவ்வளவுதான். எர்ரரின் விவர வரியைப் படித்துப் பாருங்கள், இதையேதான் சொல்லியிருக்கும். பப்ளிகேஷன் உருவாக்கும்போது போஸ்ட்கிரெஸ் இதைத் தடுப்பதில்லை, முதல் அப்டேட்டோ டெலீட்டோ வரும்போதுதான் பிடிக்கிறது, அதுவும் அனுப்பும் பக்கத்திலேயே. ஆக அடி விழுவது நகல் சர்வருக்கு இல்லை, ஓடிக்கொண்டிருக்கிற உங்கள் அப்ளிகேஷனுக்கு. உருவாக்கும்போதே ஒரு எச்சரிக்கையாவது கொடுத்திருக்கலாம் என்பது என் கருத்து.

ஆனால் காரணம் நியாயமானதுதான். ஒரு ரோ மாறினால், மாறுவதற்கு முன் அது ஃபில்டருக்குள் இருந்ததா, மாறிய பிறகு இருக்கிறதா என்று இரண்டையும் பார்த்தாக வேண்டும். பழைய ரோவைப் பற்றி டபிள்யூஏஎல் லாகில் (மாற்றங்களை டேட்டாபேஸ் எழுதிவைக்கும் பதிவேடு) பதிவாவது ரெப்ளிகா ஐடென்டிட்டி ஃபீல்டுகள்தான், வழக்கமாக அது ப்ரைமரி கீ, அதாவது ஆர்டர் எண் போல ஒவ்வொரு ரோவுக்கும் தனியாக இருக்கும் ஃபீல்டு. ஆர்டர் எண் 4021 என்று மட்டும் தெரிந்தால் அதன் பழைய நிலை என்ன என்று எங்கே போய்த் தேடுவது?

வழிகள் மூன்று. ரெப்ளிகா ஐடென்டிட்டியை ஃபுல் என்று மாற்றுவது எளிது, ஆனால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பழைய ரோ முழுதாக லாகில் ஏறும், அடிக்கடி மாறுகிற டேபிளில் லாக் வீங்கிவிடும். நான் செய்வது என்னவென்றால், ஆர்டர் எண்ணும் நிலையும் சேர்ந்த ஒரு யூனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இரண்டு ரோவில் வராதபடி காப்பது) போட்டு, அதையே ஐடென்டிட்டியாகக் காட்டிவிடுவேன் (இரண்டு ஃபீல்டும் நாட் நல் ஆக, அதாவது மதிப்பில்லாமல் விட முடியாதபடி இருக்க வேண்டும்). புது ரோக்கள் போனாலே போதும் என்றால் பப்ளிகேஷனை இன்சர்ட்டுக்கு மட்டும் வையுங்கள், இந்தக் கட்டுப்பாடே வராது.

கேள்வி: கிளை எண்ணை வைத்து ஃபில்டர். ஒரு ஆர்டரை 3-ஆம் கிளையிலிருந்து 7-ஆம் கிளைக்கு மாற்றினோம். 3-ஆம் கிளை சர்வரில் அந்த ரோவே காணவில்லை! பிழையா?

பதில்: பிழை இல்லை. உள்ளே இருந்த ரோ ஃபில்டரை விட்டு வெளியே போனால் அந்த அப்டேட் டெலீட்டாக மாறிப் போகும், வெளியே இருந்தது உள்ளே வந்தால் இன்சர்ட்டாகப் போகும். 3-ஆம் கிளையின் பழைய ரிப்போர்ட் அந்த ரோவை நம்பியிருந்தால், மாற்றத்துக்கு முன்பே வேறு டேபிளில் பதிந்துவைப்பது உங்கள் பொறுப்பு. இன்னொன்று, கிளை எண் நல் ஆக (மதிப்பே இல்லாமல்) இருக்கும் ரோ எந்தக் கிளைக்கும் போகாது. ‘5 அல்லாதவை’ என்று எழுதினாலும் போகாது, ஏனென்றால் நல் வந்தால் நிபந்தனை பொய் என்றே கணக்கு.

கேள்வி: ஃபில்டரை மாற்றினேன். நகலில் பழைய ரோக்கள் அப்படியே நிற்கின்றன.

பதில்: நிற்கும். புது ஃபில்டர் இனி வரும் மாற்றங்களுக்குத்தான், ஏற்கெனவே போனதைத் திரும்ப எடுக்காது, விட்டுப்போனதைக் கொண்டுவந்தும் தராது. சப்ஸ்கிரிப்ஷனை (பப்ளிகேஷனிலிருந்து பெற்றுக்கொள்ள நகல் பக்கத்தில் இருக்கும் ஏற்பாடு) நீக்கி, நகல் டேபிளைக் காலிசெய்து, மறுபடி உருவாக்குங்கள், முதல் காப்பி புது ஃபில்டர்படி வரும். காலிசெய்ய மறந்தால் டூப்ளிகேட் கீ எர்ரரில் காப்பி நின்றுவிடும். காலிசெய்யும் ட்ரங்கேட் கட்டளையை நகல் பக்கத்தில்தான் ஓட்டுகிறீர்களா என்று இரண்டு தடவை பாருங்கள். அசலில் ஓட்டினால் அசலும் போய்விடும், ட்ரங்கேட் எந்த ஃபில்டருக்கும் கட்டுப்படாது என்பதால் எல்லா நகலும் சேர்ந்து காலியாகும்.

கேள்வி: மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இதே மாதிரி ரோ ஃபில்டர் உண்டா?

பதில்: இல்லை. அதன் ரெப்ளிகேஷன் ஃபில்டர்கள் டேட்டாபேஸ், டேபிள் அளவில்தான். கிளைவாரியாக டேபிளைப் பிரித்துக்கொள்ளலாம், அல்லது மாற்றங்களைப் படித்து அனுப்பும் தனிக் கருவி ஒன்றை நடுவில் வைக்கலாம்.