மாடு இழுத்தால் வண்டி ஏன் நகர்கிறது?

கேள்வி: மாடு இழுக்கும் அதே விசையில் வண்டியும் மாட்டைப் பின்னுக்கு இழுக்குமாம், நியூட்டனின் மூன்றாம் விதி. அப்புறம் வண்டி எப்படி நகரும்? மகள் கேட்டாள், முழித்தேன்.
– ஒரு வாசகி, தேனி

பதில்: 30 வருஷம் பிளஸ் ஒன் பாடம் எடுத்தவன் நான்; இந்தக் கேள்வி வராத வருஷமே இல்லை. இந்த இரண்டு விசைகளையும் 'வினை, எதிர்வினை' என்று ஒரே வரியில் அச்சடித்ததால் வந்த வினை! இரண்டும் சமம்தான். ஆனால் ஒன்று வண்டி மேல், மற்றது மாட்டின் மேல். உங்கள் வரவில் பக்கத்து வீட்டுச் செலவைக் கழிப்பீர்களா?

வண்டியை மட்டும் பாருங்கள்: மாட்டின் இழுவை உராய்வை மிஞ்சினால் நகரும். மாட்டை நகர்த்துவது தரை. குளம்பு தரையைப் பின்னால் உந்த, தரை மாட்டை முன்னே தள்ளுகிறது. ஒருமுறை வாய்க்கால் சேற்றில் அப்பாவின் வண்டி சிக்கியது. மாடுகளுக்குப் பலம் இருந்தது, குளம்புதான் வழுக்கியது. அப்பா சாட்டையைத் தொடவில்லை, வைக்கோலைப் பரப்பினார். ஏறிவிட்டது.