பம்ப் தொழிற்சாலையில் வேலை பார்த்ததை எழுதலாமா?

கேள்வி: தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு, பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளமா, பிறகு நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ. என்று படித்தேன். அதில் இரண்டு அரியர் விழுந்தது. கோவையில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்தேன். பிறகு எம்.இ. முடித்து, இப்போது முனைவர் பட்ட ஆய்வில் முதலாம் ஆண்டில் இருக்கிறேன். பம்ப்களில் ஏற்படும் கேவிட்டேஷன்தான், அதாவது அழுத்தம் குறையும் இடத்தில் நீராவிக் குமிழ்கள் தோன்றி உடைவதுதான், என் தலைப்பு. ஆய்வுக் குழுவுக்கு என் கல்வி, பணி விவரத்தை ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும். உடன் இருப்பவர்கள் எல்லாரும் பெரிய கல்லூரிகளிலிருந்து நேராக வந்தவர்கள். டிப்ளமாவையும் தொழிற்சாலையையும் விட்டுவிட்டு எம்.இ.யிலிருந்து எழுதினால் தவறா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்:
அன்புள்ள சகோதரிக்கு,

விட்டுவிடாதீர்கள். நீங்கள் வெட்டி எறிய நினைக்கும் பகுதியில்தான் உங்கள் ஆய்வு பிறந்திருக்கிறது.

நீரும் காற்றும் பாயும் விதத்தை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்டல் என்ற பெயரை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவருடைய முனைவர் பட்ட ஆய்வு நீரோட்டத்தைப் பற்றியது அல்ல. உத்தரங்கள் பக்கவாட்டில் சாய்ந்து நெளிவதைப் பற்றியது. பட்டம் வாங்கியபின் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கே மரச்சீவல்களை உறிஞ்சி அகற்றும் கருவியைச் சீர்செய்யும் வேலை அவரிடம் வந்தது. விரிந்து செல்லும் குழாயில் அழுத்தம் கணக்குப்படி ஏறவில்லை. காற்று குழாயின் சுவரை விட்டுப் பிரிந்து போவதுதான் காரணம். ஏன் பிரிகிறது என்ற கேள்வியை அவர் தொழிற்சாலையோடு விட்டுவிட்டு வரவில்லை. 1904ஆம் ஆண்டு ஹைடல்பெர்க் மாநாட்டில் எல்லைப்படலம் பற்றி, அதாவது சுவரை ஒட்டி மெதுவாக ஓடும் மெல்லிய படலம் பற்றி, அவர் வாசித்த கட்டுரைக்கு அந்தச் சீவல் கருவிதான் தொடக்கம்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய வரைவில், 'முன்னணி நிறுவனத்தில் தரக் கட்டுப்பாட்டில் ஐந்தாண்டு அனுபவம்' என்று ஒரே வரி இருக்கிறது. அதைப் படித்தால் எனக்கு எதுவும் தெரியவில்லை. ஐந்து ஆண்டுகள் அங்கே என்ன அளந்தீர்கள்? மோட்டாரும் பம்ப்பும் ஒன்றாக இருக்கும் மோனோபிளாக் பம்ப்களை ஐ.எஸ். 9079 என்ற இந்தியத் தரத்தின்படி சோதித்திருந்தால் அப்படியே எழுதுங்கள். ஹெட் (நீரை ஏற்றும் உயரம்), டிஸ்சார்ஜ் (வெளிவரும் நீரின் அளவு), மின்சாரச் செலவு ஆகியவற்றை எடுத்து வரைபடம் போட்டதை எழுதுங்கள். உறிஞ்சும் பக்கத்தில் ஆழம் கூடக்கூட, நீரைச் சுழற்றித் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் வாயில் அழுத்தம் இறங்கும். அங்கே நீராவிக் குமிழ்கள் தோன்றி, அழுத்தம் கூடிய இடத்துக்குப் போனதும் உடையும். பம்ப்புக்குள் சரளைக்கல் உருள்வது போன்ற அந்தச் சத்தத்தை நீங்கள் காதால் கேட்டவர். குமிழ்கள் அரித்துத் தின்ற இம்பெல்லரைக் கையில் வைத்துப் பார்த்தவர். உங்கள் அறையில் அமர்ந்திருக்கும் மற்றவர்களில் பலர் அதைக் கணினித் திரையில் மட்டுமே கண்டிருப்பார்கள். இதையா மறைக்கப் பார்க்கிறீர்கள்?

எனவே அந்தப் பக்கத்தை இப்படித் தொடங்குங்கள்: 'சோதனைப் பிரிவில் பணியாற்றியபோது, சில பம்ப்களில் டிஸ்சார்ஜ் குறைவதற்கு முன்பே சத்தம் மாறுவதைக் கவனித்தேன். அந்த மாற்றத்தை முன்கூட்டியே அளந்து அறிய முடியுமா என்பதே என் ஆய்வுக் கேள்வி.' நீங்கள் கவனித்தது வேறாக இருந்தால் அதை எழுதுங்கள். அடுத்து எம்.இ., வேலை, பி.இ., டிப்ளமா என்று பின்னோக்கிப் போகலாம். அரியரைக் குறிப்பிடத் தேவையில்லை. யாராவது கேட்டால் எந்தப் பாடம், எப்போது முடித்தீர்கள் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ஐந்து ஆண்டுகளை விட்டு எழுதினால் அந்த இடைவெளியைப் பற்றித்தான் முதல் கேள்வி வரும். சான்றிதழ்களில் எல்லாம் பதிவாகியிருக்கும்போது மறைத்து என்ன பயன்?

உங்கள் பின்னணியில் உண்மையான குறை ஒன்று இருக்கலாம். அதை நீங்கள் கேட்கவே இல்லை. டிப்ளமா முடித்து இரண்டாம் ஆண்டில் சேர்பவர்கள் முதலாண்டுக் கணிதத்தைத் தாண்டி வந்துவிடுகிறார்கள். கேவிட்டேஷனில் இறங்கினால் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் இல்லாமல் ஓர் அடி நகர முடியாது. உங்கள் நெறியாளரிடம் இதை வெளிப்படையாகச் சொல்லி, பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கணிதத் தாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் கணித விரிவுரைகள் இலவசமாக இருக்கின்றன. மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கணக்குகளைக் கையால் போட்டுப் பாருங்கள். பார்த்துக்கொண்டே போனால் ஒட்டாது.

இன்னொன்று. பழைய தொழிற்சாலையின் சோதனை அளவீடுகள் உங்கள் நோட்டில் இருக்கலாம். அவை அந்த நிறுவனத்தின் சொத்து. எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஆய்வேட்டிலோ கட்டுரையிலோ ஓர் எண்ணைக்கூடப் பயன்படுத்தாதீர்கள். உங்கள் பழைய பிரிவுத் தலைவரை நேரில் போய்ப் பாருங்கள். அனுமதிக் கடிதத்தோடு, பழுதடைந்த இம்பெல்லர்கள் இரண்டு மூன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குழுவின் முன் மேசையில் வைக்க உதவும்.