தொழுநோய் மருந்து முடித்த பிறகும் அப்பாவுக்கு வீக்கமும் நரம்பு வலியும் வருகிறது. இது பரம்பரையா? எங்களுக்கும் வருமா?

பர்மாவின் மோல்மேனில் எங்கள் சித்தப்பாவுக்கும் இதே கதைதான். ஓராண்டு அட்டை மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்தவர். சில மாதம் கழித்து, மங்கிக்கிடந்த தேமல்கள் திடீரென்று சிவந்து தடித்தன. முழங்கையின் உட்பக்கம் லேசாகத் தட்டினாலே சுண்டுவிரல் வரை சுரீரென்று இழுத்தது. பாட்டி மருந்துச் சூடு என்றார், அக்கம்பக்கத்தில் நோய் திரும்பிவிட்டது என்றார்கள். 1898 முதல் நடக்கும் தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கிற ஊரிலேயே பேச்சு இப்படி!

கிருமி செத்தாலும் அதன் மிச்சம் தோலிலும் நரம்பிலும் கிடக்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதன்மேல் சீறிப் பாய்வதுதான் ரியாக்‌ஷன். சித்தப்பாவுக்கு வந்தது முதல் வகை. இரண்டாம் வகையில் காய்ச்சலோடு வலிக்கிற சிவப்புக் கட்டிகள் புதிதாக எழும். கிருமி ஏராளமாக இருந்தவர்களுக்குத்தான் அது வரும்.

சரி, பரம்பரையா? ஓரளவு, ஆமாம். கிருமியை அடையாளம் காணும் டிஎல்ஆர்1 மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பவர்களுக்கு முதல் வகை குறைவு என்று 2008இல் நேபாள ஆய்வு சொன்னது. வியட்நாமில் கண்டது இன்னும் விசித்திரம்: எல்ஆர்ஆர்கே2 மரபணுவின் ஒரு மாற்றம் முதல் வகையிலிருந்து காக்கிறது, அதுவே பார்க்கின்சன் நடுக்க நோய்க்கு வாய்ப்பைக் கூட்டுகிறது. இந்தக் கையால் கொடுத்து அந்தக் கையால் பிடுங்குகிற வேலை.

ஆனால் இவையெல்லாம் சாய்வுகள்தான், தலையெழுத்து இல்லை. ரியாக்‌ஷன் வருமா என்று முன்கூட்டிச் சொல்ல ரத்தப் பரிசோதனை நடைமுறையில் கிடையாது. யாராவது விற்றால் காசைக் கொடுக்காதீர்கள். உங்களுக்கு ரியாக்‌ஷன் வர வேண்டுமென்றால் முதலில் தொழுநோய் வர வேண்டும், பெரும்பாலோர் உடம்பு அதற்கே இடம் கொடுப்பதில்லை. அப்புறம், தொழுநோய் மாத்திரைகளில் ஒன்றான டாப்சோனுக்கு வரும் ஒவ்வாமை வேறு விஷயம். மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் காய்ச்சலும் தடிப்புமாக வரும். அதற்குப் பின்னால் இருக்கும், எதிர்ப்புச் சக்தி சார்ந்த எச்எல்ஏ மரபணு வகையைச் சீனாவில் 2013இல் கண்டுபிடித்தார்கள்.

அப்பாவைச் சுண்டுவிரலை விரித்துப் பிடிக்கச் சொல்லி, நீங்கள் உள்பக்கமாக அமுக்கிப் பாருங்கள். தாங்கவில்லை என்றாலோ, கால் செருப்பு தெரியாமல் நழுவுகிறது என்றாலோ, அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். நரம்பு தளர்ந்து ஆறு மாதத்துக்குள் பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கினால் மீள நல்ல வாய்ப்பு உண்டு. வலி போனதும் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது, டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார்.