பம்பை மாற்றியும் பெட்ரோல் வாடை போகவில்லை: வழக்கை எங்கே போடுவது?

கேள்வி: மார்த்தாண்டத்தில் வசிக்கிறேன். சொந்த உபயோகத்துக்கு 2007-ஆம் ஆண்டுப் பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். காலையில் நான்கைந்து முறை சாவியைத் திருப்பினால்தான் ஸ்டார்ட் ஆகும். பானெட் பக்கம் பெட்ரோல் வாடையும் இருந்தது. களியக்காவிளை தாண்டி, கேரளப் பகுதியில் உள்ள ஒரு வொர்க்‌ஷாப்பில் மூன்று மாதங்களுக்கு முன் காட்டினேன். ஃப்யூயல் பம்பை மாற்றி 14,500 ரூபாய் வாங்கினார்கள். யுபிஐயில் கட்டினேன், ரசீது தரவில்லை. ஸ்டார்ட்டிங் கோளாறு அப்படியே இருக்கிறது. இப்போது பின் சீட்டிலும் வாடை அடிக்கிறது. கேட்டால், எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம், இன்ஜெக்டரையும் மாற்ற வேண்டும், இன்னும் 9,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். வழக்குப் போடத் திருவனந்தபுரத்துக்கு அலைய வேண்டுமா வக்கீல் ஐயா?

பதில்: வேண்டாம். 1986-ஆம் ஆண்டுப் பழைய சட்டப்படி என்றால் எதிர்த்தரப்பின் ஊருக்குத்தான் போயிருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர வழி செய்துவிட்டது. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். எல்லைக்கு அப்பால் போய் வேலை செய்துகொள்ளும் நம் மாவட்டத்துக்காரர்களில் பலருக்கு இது இன்னும் தெரியவில்லை.

வழக்கு கிடக்கட்டும், முதலில் காரை ஷெட்டிலிருந்து வெளியே எடுங்கள். எடுப்பதென்றால் தள்ளித்தான், சாவியைத் திருப்ப வேண்டாம். பெட்ரோல் ஆவி தேங்கிய இடத்தில் ஒரு பொறி போதும். தீப்பிடித்தால் காப்பீட்டு நிறுவனமும், கசிவு தெரிந்தே வண்டியைப் பராமரிக்கவில்லை என்று கைவிரிக்கப் பார்க்கும்.

இனி, உங்கள் வழக்கின் உயிர்நாடி. உங்களிடம் இருப்பது ஒரு குறை அல்ல, இரண்டு. முதலாவது, பழைய கோளாறு. பம்பு கெட்டால் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும், சரி. ஆனால் பானெட் பக்கம் வாடையும் சேர்ந்து வந்தால் இன்ஜெக்டரோ பிரஷர் ரெகுலேட்டரோ ரப்பர் குழாயோ கசிகிறதா என்றுதான் எந்த மெக்கானிக்கும் முதலில் பார்ப்பார். பிரஷர் கேஜை மாட்டி, இன்ஜினை நிறுத்தியபின் அழுத்தம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்ப்பது சின்ன வேலை. அதைச் செய்தார்களா என்று கேளுங்கள். இரண்டாவது, பின் சீட்டு வாடை. பல கார்களில் பம்பு பின் சீட்டுக்கு அடியில், டேங்கின் மேல் உட்கார்ந்திருக்கும். அதைக் கழற்றி மாட்டும்போது பழைய ரப்பர் வளையத்தையே திரும்பப் போட்டாலோ, மூடியைச் சரியாக இறுக்காவிட்டாலோ வாடை உள்ளே வரும். இது உங்கள் கார் கொண்டுபோன நோய் அல்ல, அவர்கள் கைப்பட்டு வந்தது என்று காட்ட முடிந்தால் வழக்கில் பாதி உங்கள் பக்கம்.

காட்ட வேண்டியவர் நீங்கள்தான். சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது. "இன்னும் வாடை வருகிறது" என்பது மட்டும் சான்றாகாது. வேறு யாரும் ஸ்பேனரை எடுப்பதற்கு முன், கார் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கு ரிக்கவரி வண்டியில் அனுப்பி, அழுத்தச் சோதனையின் அளவு, பம்பு மூடியின் நிலை, கசிவு இருக்கும் இடம் ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். சோதித்தவரின் பிரமாண வாக்குமூலமும் கிடைத்தால் வலு கூடும். அதற்கு ஆகும் செலவையும் வழக்கில் கேட்கலாம்.

எத்தனால் வாதத்துக்கு மிரள வேண்டாம். 20 விழுக்காடு எத்தனால் பழைய கார்களின் ரப்பர் பாகங்களைப் பாதிக்கக்கூடும் என்பது உண்மைதான். அது தெரிந்தவர்கள் பம்பைத் தொடுமுன் குழாய்களைப் பார்த்திருக்க வேண்டாமா? அந்தப் பதிலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அழித்துவிடாதீர்கள். ரசீது தராததே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது சட்டம். பணம் போனதற்கு யுபிஐ பதிவு இருக்கிறது.

காரைத் திரும்ப அவர்களிடம் விடாதீர்கள். செய்த வேலைக்குக் கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைக்கும் உரிமை ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவில் இருக்கிறது. அங்கே விட்டால் 9,000 ரூபாய்த் தகராறும் சேரும், சான்றும் அவர்கள் கையில் போய்விடும். ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம் எழுதி, பழைய பம்பையும் ரசீதையும் கேட்டு 15 நாள் கெடு கொடுங்கள். நோட்டீஸ் கட்டாயமில்லை, ஆனாலும் பல வொர்க்‌ஷாப்புகள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும்.

வராவிட்டால் 14,500 ரூபாய், சோதனைச் செலவு, அளவான இழப்பீடு ஆகியவற்றைக் கேளுங்கள். லட்சங்களைக் கேட்டு எழுதுவது புகாரைத்தான் இளக்காரமாக்கும். வேலைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். கால வரம்பு இரண்டு ஆண்டுகள். "அடுத்த வாரம் கொண்டு வாருங்கள்" என்று அவர்கள் போனில் இழுத்தடிக்கும் நாட்களும் அந்தக் கணக்கில்தான் கழியும்.