ஆப்பை அழித்தால் மட்டும் போதுமா?

கேள்வி: தம்பி ஆன்லைன் சூதாட்டத்தில் நிறைய விட்டுவிட்டான். ஆப்பை அழிப்பான், சம்பளம் வந்ததும் மறுபடி இறக்குவான். பல நாடுகளில் அரசே தடுப்பு ஏற்பாடுகள் வைத்திருக்கிறதாமே, அதெல்லாம் வேலைக்கு ஆகுமா?

பதில்: ஆகும், ஆனால் எல்லாம் ஒரே அளவுக்கு இல்லை. 'பொறுப்போடு விளையாடுங்கள்' என்று திரையின் அடியில் ஓடுகிற வரியை விட்டுத்தள்ளுங்கள், விட்ட காசைப் பிடிக்கத் துடிப்பவன் அதையா படிக்கப்போகிறான்? கை பரபரக்கும்போது பணத்தைச் சட்டென்று போகவிடாமல் இழுத்துப்பிடிக்கிற விதிகள்தான் உருப்படி. பிரிட்டனில் முன்பு ஜெயித்த பணத்தை எடுக்கக் கேட்டால் அது கொஞ்ச நேரம் நிலுவையில் கிடக்கும், பக்கத்திலேயே 'ரத்து செய்' பட்டனும் இருக்கும். நள்ளிரவில் அதை அமுக்கிவிட்டு மொத்தத்தையும் மறுபடி வைத்துத் தோற்க எவ்வளவு நேரம் ஆகும்! 2021-இல் அந்த வசதியைத் தடுத்தார்கள். கிரெடிட் கார்டில் சூதாடுவதற்கு 2020-லேயே தடை.

அவன் இருக்கும் நாட்டில் இருந்தால், தம்பிக்கு உடனே உதவக்கூடியது சுயவிலக்குப் பட்டியல், அதாவது 'என்னை விளையாட விடாதீர்கள்' என்று அவனே பெயர் கொடுக்கும் பட்டியல். ஒவ்வொரு தளமாகக் கணக்கை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த தளம் வா வா என்று கூப்பிடும். பிரிட்டனில் கேம்ஸ்டாப், ஆஸ்திரேலியாவில் பெட்ஸ்டாப், சுவீடனில் ஸ்பெல்பவுஸ்: ஒருமுறை பதிந்தால் உரிமம் பெற்ற ஆன்லைன் தளங்கள் எல்லாமே அவனைத் தடுக்க வேண்டும். கேம்ஸ்டாப்பில் குறைந்தது 6 மாதம், அது முடியும்வரை கெஞ்சினாலும் திறக்கமாட்டார்கள். அவனேதான் பதிய வேண்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் பயன்படுத்திய எல்லா ஈமெயிலும் போன் எண்ணும் அதில் சேர்ந்ததா என்று மட்டும் பாருங்கள்.

ஓட்டை எங்கே என்றால், உரிமம் இல்லாத தளங்கள் இந்தப் பட்டியலைச் சீண்டுவதே இல்லை. அதனால் வங்கியிலும் பூட்ட வேண்டும். கார்டில் கட்டும் சூதாட்டப் பணத்துக்கு 7995 என்ற வணிகக் குறியீடு (பணம் வாங்குவது என்ன வகை வியாபாரம் என்று காட்டும் எண்) உண்டு, அதை வைத்துத்தான் வங்கி தடுக்கிறது. தடுப்பை எடுக்கச் சொன்னாலும் சில வங்கிகள் ஒன்றிரண்டு நாள் காக்க வைக்கும், நமக்கு வேண்டியதும் அதுதானே. ஆனால் தனிநபர் கணக்குக்கு நேராக அனுப்பச் சொல்கிற தளத்தில் அந்தக் குறியீடே வராது, சரி, அப்போது சம்பளக் கணக்கிலேயே கை வைத்தாக வேண்டும்: அவன் சம்மதத்தோடு சம்பளம் வந்த அன்றே வாடகையும் தவணையும் தானாகப் போகும்படி வையுங்கள், தினசரி அனுப்பும் வரம்பையும் குறையுங்கள். அப்புறம், அவன் கடனை நீங்கள் அடைப்பதாக இருந்தால் அவன் கையில் கொடுக்காதீர்கள், கடன் கொடுத்தவரிடமே நேரில் கட்டி ரசீது வாங்குங்கள்.